மருத்துவமனைக்குப் போகும் மாணவரின் உடை: விதியோடு காரணத்தையும் சொல்வோம்



தொண்டூழியத்திற்காக மாணவர்களை மருத்துவமனைக்கோ தாதிமை இல்லத்துக்கோ அழைத்துச் செல்லும் பொறுப்பு நம்மில் பலருக்கு வருகிறது. புறப்படும் முன் கையில் ஒரு பட்டியல் கிடைக்கும்: நகம் வெட்ட வேண்டும், மோதிரம் கூடாது, முடியைக் கட்ட வேண்டும், வாசனைத் திரவியம் வேண்டாம். அதை அப்படியே வாசித்தால், "அங்கேயும் ஸ்கூல் ரூல்ஸா?" என்றுதான் மாணவர்கள் முணுமுணுப்பார்கள். கோயிலில் கட்டிய கயிற்றைக் கழற்றச் சொன்னால் வீட்டிலிருந்தும் கேள்வி வரும்.

ஆகவே முதலில் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: இந்த விதிகள் படுக்கையில் இருப்பவருக்காக எழுதப்பட்டவை. நமக்கு ஒரு வாடை பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடுவோம். அவரால் முடியாது.

கை

1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிரசவ வார்டுக்குள் நுழையும் மருத்துவர்கள் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வேண்டும் என்று விதித்தார். தாய்மார்களின் இறப்பு வெகுவாகக் குறைந்தது. இன்றும் தொற்றைத் தடுக்கும் முதல் வேலை கையைச் சுத்தமாக வைத்திருப்பதுதான். கிருமிநாசினித் திரவத்தைப் பூசித் தேய்க்க 20 முதல் 30 விநாடி, சோப்பு போட்டுக் கழுவி உலர்த்த 40 முதல் 60 விநாடி என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நக நுனி 0.5 செண்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. ஒட்டு நகத்தின் அடியிலும் மோதிரம், கைக்கடிகாரம், வளையல் இவற்றின் அடியிலும் தேய்ப்பது எட்டாது. இங்கிலாந்தின் சுகாதாரத் துறை 2007இல் "முழங்கைக்குக் கீழே எதுவும் வேண்டாம்" என்று அறிவித்ததும் இதனால்தான்.

கயிற்றைப் பற்றி மாணவரிடம் எப்படிப் பேசலாம்? இப்படி:

"தம்பி, கயிறு நனைஞ்சா எவ்வளவு நேரம் ஈரமா இருக்கும்?"

"ரொம்ப நேரம், டீச்சர்."

"அந்த ஈரத்துல கிருமி தங்கும். நீ கையைக் கழுவிடுவ, கயிறு சுத்தமாகாது. அடுத்த கட்டில்ல இருக்கிற தாத்தாவுக்கு ஆபரேஷன் பண்ண புண்ணு இன்னும் ஆறல."

"அப்போ கழட்டணுமா, டீச்சர்?"

"அம்மா அப்பாகிட்ட காரணத்தைச் சொல்லிக் கேளு. அவங்க சரின்னா கழட்டி சாமி அறையில வைக்கலாம். வேணாம்னா பரவாயில்ல, உனக்கு வேற வேலை தரச் சொல்லிக் கேக்கிறேன்."

மணமும் தொங்கலும்

புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவருக்கு மணமே குமட்டலைக் கிளப்பும். ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சு இழுக்கும். செண்ட் மட்டுமல்ல, தலை நிறைய மல்லிகைப்பூவும் இதில் அடங்கும். தொங்கும் காதணியையும் நீளச் சங்கிலியையும் மறதிநோய் உள்ள முதியவர் பிடித்து இழுக்கலாம், காயம் இருவருக்கும். விரல்களை மூடிய, வழுக்காத காலணி எதற்கு? சக்கர நாற்காலி காலில் ஏறினால் தெரியும்!

அடையாளம்

தாதியர் சீருடை போன்ற நிறத்தில் உடை வேண்டாம். "மிஸ்ஸி, மருந்து குடுங்க" என்று நோயாளி கேட்டால் மாணவர் என்ன செய்வார்? பெயர் அட்டை நெஞ்சுக்கு நேராக, எழுத்து தெரியும்படி இருக்கட்டும். காது மந்தமான பாட்டிக்கு அதுதான் அறிமுகம்.

சமய அடையாளங்கள்

இங்குதான் காரணம் தெரிந்திருப்பது மிகவும் உதவும். நெற்றியில் உள்ள பொட்டும் திருநீறும் கை கழுவுவதைத் தடுக்காது. மணிக்கட்டில் உள்ள கயிறு தடுக்கும். கேள்வி சமயத்தைப் பற்றியதல்ல, இடத்தைப் பற்றியது. விதிகள் மாறவும் செய்யும். சிங்கப்பூரில் பொதுச் சுகாதாரத் துறையின் முஸ்லிம் தாதியர் சீருடையோடு தூடோங் அணியலாம் என்பது 2021 ஆகஸ்ட்டில் தேசிய தினப் பேரணி உரையில் அறிவிக்கப்பட்டு, அந்த ஆண்டு நவம்பர் 1 முதல் நடப்புக்கு வந்தது. எனவே பழைய பட்டியலை நம்பாமல், ஒவ்வொரு முறையும் அந்த இடத்தின் தொண்டூழிய ஒருங்கிணைப்பாளரிடம் கேளுங்கள்.

உடம்பு சரியில்லை என்றால்

உடை சரியாக இருந்தும் இருமல், காய்ச்சல் இருந்தால் போகக் கூடாது. 2003இல் சார்ஸ் கிருமி சிங்கப்பூரில் 238 பேரைத் தொற்றி 33 உயிர்களைப் பறித்தது. தொற்றில் பெரும்பகுதி மருத்துவமனைகளுக்குள்ளேயே நடந்தது. "வராதே" என்பது தண்டனை இல்லை என்று மாணவருக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். வராதவருக்கு வேறு நாள் கொடுங்கள்; இல்லாவிட்டால் நேரம் குறையுமே என்று மறைத்துக்கொண்டு வருவார்கள்.

வகுப்பில் செய்ய

1. விதிகளை ஒரு நிற அட்டையிலும் காரணங்களை வேறு நிற அட்டையிலும் எழுதி, குழுவாகப் பொருத்தச் சொல்லுங்கள்.

2. பொருத்தியதை "ஏனெனில்", "ஆகையால்" பயன்படுத்தி எழுத்துத்தமிழில் வாக்கியமாக்கட்டும்.

3. அதே காரணத்தை வீட்டில் பாட்டியிடம் சொல்வதுபோல் பேச்சுத்தமிழில் நடித்துக் காட்டட்டும். கயிறு, பூ, வளையல் மூன்றும் கட்டாயம் இடம்பெற வேண்டும்.

மூன்றாவது நடவடிக்கையை விட்டுவிடாதீர்கள். வகுப்பில் ஒருமுறை சொல்லிப் பழகியவர், வீட்டில் கேள்வி வரும்போது தயங்காமல் பதில் சொல்வார்.