துணியில் தங்கும் கண்டிஷனர்

மடித்து வைத்த துண்டு தொட்டால் மெத்தென்றிருக்கும். குளித்துவிட்டுத் துடைத்தாலோ ஈரம் உடம்பிலேயே நிற்கும். பெரும்பாலும் இதற்குக் காரணம், துணியில் படிந்துவிட்ட ஃபேப்ரிக் கண்டிஷனர்.

கண்டிஷனரில் வேலை செய்வது ஒருவகைக் கொழுப்புச் சேர்மம். அதன் மூலக்கூறுக்கு நேர்மின்னூட்டம் கொண்ட ஒரு தலை, கொழுப்பாலான இரண்டு நீண்ட வால்கள். தண்ணீரில் நனைந்த பருத்தி இழையின் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் பெறும். ஆகவே தலை இழையைப் பற்றிக்கொள்கிறது. வால்கள் வெளியே நீட்டி நிற்கின்றன. இழைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வழுக்குவதால் துணி மிருதுவாகிறது. அதே கொழுப்புதான் தண்ணீரை அண்டவிடாமல் தடுக்கிறது. மின் ஈர்ப்பால் பிடித்துக்கொண்டிருப்பதால், வெறும் தண்ணீரில் அலசினால் அது போகாது.

பழைய கண்டிஷனர்களில் இருந்த சேர்மம் மண்ணிலும் நீரிலும் எளிதில் சிதையவில்லை. அதனால் 1990களில் ஐரோப்பாவில் ‘எஸ்டர்குவாட்’ என்ற வகை அதன் இடத்தைப் பிடித்தது. இதில் தலையையும் வாலையும் இணைப்பது எஸ்டர் பிணைப்பு. சூடும் காரமும் சேர்ந்தால் அந்தப் பிணைப்பு அறுபடும். படிவை நீக்கும் வழியும் இதிலேயே இருக்கிறது.

ஒரு பக்கெட் சுடுநீரில் இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடாவும் வழக்கமான சோப்புத்தூளும் கரைத்து, பருத்தித் துண்டுகளை ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். ஆப்ப சோடா இதற்குப் போதாது. அதன் காரம் குறைவு. மெஷினில் துவைப்பதானால் 60 டிகிரி செல்சியஸ் வைக்கலாம். பிறகு நன்றாக அலசிக் காயவையுங்கள். காய்ந்த துண்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே ஊறினால் படிவு போய்விட்டது. முத்தாக நின்றால் இன்னொரு முறை துவைக்க வேண்டும். நீர்க்காத கண்டிஷனர் நேராகச் சிந்திய எண்ணெய்க்கறைக்கு, அந்த இடத்தை நனைத்துச் சோப்புக்கட்டியால் தேய்த்த பிறகு துவையுங்கள்.

வினிகரைச் சோடாவுடன் சேர்த்தால் ஒன்றின் வேலையை மற்றது கெடுக்கும். வினிகரைக் குளோரின் பிளீச்சுடன் சேர்த்தால் நச்சான குளோரின் வாயு கிளம்பும், ஒருபோதும் கலக்காதீர்கள். பட்டுக்கும் கம்பளிக்கும் சோடாவும் சுடுநீரும் ஆகாது. சாயத்துணியை முதலில் ஓர் ஓரத்தில் சோதித்துப் பாருங்கள்.

துண்டு, குழந்தையின் துணி நாப்கின், மைக்ரோஃபைபர் துணி, விளையாட்டு உடை ஆகியவற்றுக்குக் கண்டிஷனரே வேண்டாம். ஈரத்தை வாங்குவதுதான் இவற்றின் வேலை. தீப்பிடிக்காதபடி பதப்படுத்திய குழந்தை உடைகளையும் இந்தப் பட்டியலில் சேருங்கள். கண்டிஷனரின் கொழுப்பு அந்தப் பாதுகாப்பைக் குறைத்துவிடும்.