ஒட்டுக் கள்ளியும் சாரல் பருவமும்

தென்காசி வட்டாரத்தில் கள்ளி என்ற ஒரே பொதுப்பெயரால் வழங்கப்படும் செடிகள், தாவரவியலின்படி ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு குடும்பங்களைச் சேர்ந்தவை. வேலிகளிலும் பாறைச் சரிவுகளிலும் காணப்படும் சதுரக்கள்ளியும் இலைக்கள்ளியும் ஆமணக்குக் குடும்பத்து யூஃபோர்பியா இனங்கள். கீறினால் பால் வடியும், அந்தப் பால் கண்ணில் பட்டால் கடும் எரிச்சலும் பார்வைக் கோளாறும் உண்டாகும். சப்பாத்திக்கள்ளி மட்டும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்து குடியேறிய கேக்டஸ். ஏறத்தாழ 1,500 இனங்கள் கொண்ட அந்தக் குடும்பத்தில், ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் இயற்கையாக வளரும் ரிப்சாலிஸ் என்ற தொங்குசெடி ஒன்றைத் தவிர, ஏனைய அனைத்தும் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியவை. கேக்டஸின் முட்கள் ஏரியோல் எனப்படும் பஞ்சு போன்ற சிறு மேடுகளிலிருந்து கொத்தாக எழும். யூஃபோர்பியாவில் அந்த மேடு இருப்பதில்லை. இணையத்தில் அரிய கள்ளி வாங்குவோருக்கு இந்த வேறுபாடு முதற்பாடம். ஏனெனில் பவளக் கள்ளி என்று விற்கப்படும் அலையலையான விசிறிச் செடி, இலைக்கள்ளித் தண்டின்மேல் வேறொரு யூஃபோர்பியாவை ஒட்டியதே அன்றிக் கேக்டஸ் அன்று.

ஒட்டுக்கட்டுதல் மாவிலும் சப்போட்டாவிலும் தமிழ்நாட்டு உழவர்க்குப் பழகிய தொழில்தான். வேரோடு நிற்கும் அடிச்செடி வேர்க்கட்டை என்றும், அதன்மேல் பொருத்தப்படும் மேல்துண்டு ஒட்டுத்தண்டு என்றும் அழைக்கப்படுகின்றன. கேக்டஸைக் குறுக்காக வெட்டினால், சதையின் நடுவே நீரும் உணவும் செல்லும் குழாய்த்திசுக்கள் ஒரு வட்ட வளையமாகத் தெரியும். இரு துண்டுகளின் வளையங்களும் ஓரிடத்திலாவது ஒன்றையொன்று தொடுமாறு வைத்து, ரப்பர் வளையங்களால் மெல்ல அழுத்திச் சில நாட்கள் விட்டுவைத்தால், வெட்டுவாயில் புதிய செல்கள் பெருகி இரண்டையும் இணைத்துவிடும். வளையங்கள் தொடாவிட்டால் மேல்துண்டு தன்னுள் தேங்கிய நீரைக்கொண்டு பல வாரங்கள் உயிரோடு இருப்பதுபோல் காட்சியளித்துப் பின்னர் சுருங்கும். வாங்கியவர் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

ஒட்டுக்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று விரைவு: விதையிலிருந்து பூக்கப் பல ஆண்டுகள் எடுக்கும் ஏரியோகார்ப்பஸ் போன்ற மெக்சிகோ இனங்கள், வலுவான வேர்க்கட்டையின்மேல் அதில் ஒரு சிறு பகுதிக் காலத்திலேயே பூக்கின்றன. மற்றொன்று பிழைப்பு: 1940-களில் ஜப்பானில் உருவாக்கப்பட்ட சிவப்பு நிலாக் கள்ளிக்குப் பச்சையமே இல்லாததால், அது தனக்கான உணவைத் தானே தயாரிக்க இயலாது. அத்தகைய செடியைத் தன் வேரில் வளர்ந்தது என்று எவரேனும் விற்றால் அது பொய்.

நிலாக் கள்ளியைத் தாங்கும் முப்பட்டைப் பச்சைத் தண்டு, பழத்துக்காகப் பயிரிடப்படும் டிராகன் கொடியேதான். அது மரங்களைப் பற்றி ஏறும் வெப்பக்காட்டுக் கொடி என்பதால், வெப்பநிலை பத்து டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் நலிந்து அழுகத் தொடங்குகிறது. குளிர்நாட்டுச் சேகரிப்பாளர்கள் அதைக் குறுகிய ஆயுளுள்ள வேர்க்கட்டை என்று ஒதுக்குவதற்கு இதுவே காரணம். தென்காசிச் சமவெளியில் அத்தகைய குளிர் இல்லை. ஆகவே அயல்நாட்டு நூல்களின் அந்தக் கண்டிப்பை இங்கே அப்படியே ஏற்க வேண்டியதில்லை. மே மாத உச்சிவெயிலில் அதன் தோல் வெந்து மஞ்சளாகாமல் நிழல்வலை கட்டினால் போதும். இங்கே உண்மையான பகை ஈரம். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலத்தில் நாள்தோறும் சாரல் தெளிக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி ஜாதிக்காயும் கிராம்பும் வளர்த்துப் பார்த்த அந்த ஊரின் காற்றில், பாலைநிலச் செடியின் மெல்லிய வேர்கள் காயவே வழியில்லை. ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தென்காசியில் சாரல் குறைவு, காற்று மிகுதி. சொந்த வேரில் அழுகிவிடும் ஓர் இனம் ஈரம் பொறுக்கும் வேர்க்கட்டையின்மேல் குற்றாலத்தில் பிழைக்கக்கூடும் என்பதால், ஒட்டுச்செடியைப் போலி என்று இகழும் தூய்மைவாதம் இந்த வட்டாரத்துக்குப் பொருந்தாது.

விற்பனைப் படங்கள் பெரும்பாலும் மேலிருந்து எடுக்கப்பட்டு ஒட்டுத்தண்டின் அழகை மட்டுமே காட்டுகின்றன. செடியின் ஆயுளைத் தீர்மானிப்பதோ கீழே மறைந்திருக்கும் மூட்டு. ஆகவே பக்கவாட்டுப் படம் கேட்டுப் பெறுவது இன்றியமையாதது. மூட்டில் கருமையோ இடைவெளியோ இருத்தலாகாது. வேர்க்கட்டை கெட்டியாகவும் பச்சையாகவும் இருக்க வேண்டும். ரப்பர் வளையம் இன்னும் கழற்றப்படாத செடி ஒட்டு பிடித்ததற்குச் சான்றாகாது. முனையில் புதிய முட்கள் தோன்றியிருப்பதே நம்பத்தக்க அடையாளம். ஒட்டுச்செடி தன் இயல்புக்கு மீறிப் பருத்து, முட்கள் விலகி, உருண்டு தோன்றும். அந்தப் பருமனைக் காட்டி முதிர்ந்த அரிய செடி என்று விலை உயர்த்துவது பழகிப்போன தந்திரம். முட்களுக்கு நீலமும் இளஞ்சிவப்பும் பூசுவதும், உலர்ந்த வேறொரு பூவைப் பசையால் ஒட்டிப் பூத்த செடி என்று அனுப்புவதும் அதைவிட மலிவானவை.

அரிய இனம் என்னும்போது அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் எழுகிறது. அழியும் நிலை உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கை கேக்டஸ் குடும்பத்தை ஏறத்தாழ முழுமையாகத் தன் இரண்டாம் பட்டியலில் வைத்துள்ளது. ஏரியோகார்ப்பஸ், டிஸ்கோகாக்டஸ், ஆஸ்ட்ரோஃபைட்டம் ஆஸ்டீரியாஸ் போன்றவை மிகக் கடுமையான முதற்பட்டியலில் உள்ளன. டிராகன் கொடியில் ஒட்டிய நிலாக் கள்ளி போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. இந்தியா 1976 முதல் இதில் உறுப்பு நாடு. 2022-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புத் திருத்தச் சட்டம் அப்பட்டியல்களை உள்நாட்டுச் சட்டத்துக்குள்ளும் கொண்டுவந்தது. இத்தாலியில் 2020-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட திருட்டுக் கேக்டஸ்கள் கைப்பற்றப்பட்டு, சிலியின் அடகாமா பாலையிலிருந்து பிடுங்கப்பட்ட நூற்றுக்கணக்கானவை அந்நாட்டுக்கே திருப்பியனுப்பப்பட்டன. காட்டுச்செடி ஒழுங்கற்று, அடியில் தக்கை படிந்து, பழைய வடுக்களோடும் வெட்டுண்ட தடித்த வேரோடும் இருக்கும். பண்ணைச் செடிகள் ஒன்றுபோல் வழுவழுப்பாக இருக்கும். காலிம்பொங் பண்ணைகள் விதையிலும் ஒட்டிலும் பெருக்கிய செடிகளைப் பல்லாண்டுகளாக விற்றுவரும் நாட்டில், காட்டுச்செடிக்கு ஆசைப்படுவது தேவையற்றது.

வந்த பெட்டியில் வெண்பஞ்சு போன்ற பூச்சி இருக்கிறதா என்பதும் பார்க்கத்தக்கது. நசுக்கினால் செந்நிறம் கசியும் கொச்சினீல் பூச்சியின் ஓர் இனம், சப்பாத்திக்கள்ளியை அழிக்க 1926-இல் இலங்கையிலிருந்து தென்னிந்தியாவுக்கு வேண்டுமென்றே கொண்டுவரப்பட்டு, சில ஆண்டுகளில் புதர்புதராகப் பரவியிருந்த கள்ளியைச் சாய்த்தது. உழவர்க்கு அன்று உதவிய அந்தப் பூச்சி, சப்பாத்திக்கள்ளியின் நெருங்கிய உறவான செடிகளை விரும்பிச் சேகரிப்போருக்குப் பெருங்கேடு.

வேர்க்கட்டை நலியத் தொடங்கினால், பச்சையமுள்ள ஒட்டுத்தண்டை அறுத்துச் சொந்த வேர் பிடிக்கச் செய்யலாம். வெட்டுவாய் முற்றிலும் உலர்ந்து தோல் கட்டிய பின்னரே அதை மணலில் வைக்க வேண்டும். சாரல் நாட்களில் அது உலர்வதற்குள் பூஞ்சை ஏறிவிடுமாதலால், அறுப்பதற்கும் அஞ்சலில் செடி வரவழைப்பதற்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களே உகந்தவை.