யார் நாக்குக்கு எவ்வளவு காரம்?

‘காரம் எப்படி வேணும் சார், கம்மியா, மீடியமா, தூக்கலா?’ என்று இப்போதெல்லாம் ஓட்டலில் கேட்கிறார்கள். கைபேசியில் சாப்பாடு வரவழைத்தாலும் சில கடைகள் இதே கேள்வியைப் போடுகின்றன. கேள்வியில் ஒரு மரியாதை இருக்கிறது. உன் நாக்கு உன்னுடையது, அதன் விருப்பம் உன் சொந்த விவகாரம், அதில் நாங்கள் தலையிட மாட்டோம் என்கிற மரியாதை. நண்பர்களும் இப்படித்தான் பேசுகிறார்கள். ‘எனக்குக் காரம் இல்லாட்டி சோறு இறங்காது.’ ‘எனக்குக் காரமே ஒத்துக்காதுப்பா.’ எல்லா வாக்கியங்களும் ‘எனக்கு’ என்றே தொடங்குகின்றன. இந்த ‘எனக்கு’ எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அறுசுவையில் கார்ப்பு என்று ஒன்றை வைத்திருக்கிறோம். உடலியல் அதைச் சுவை என்றே ஒத்துக்கொள்வதில்லை. மிளகாயில் உள்ள காப்சைசின் தொடுவது நாக்கின் சுவை மொட்டுகளை அல்ல. சூட்டையும் வலியையும் உணர்கிற நரம்புகளை. சுமார் 43 டிகிரி சூட்டில் திறந்துகொள்கிற ஓர் ஏற்பி, மிளகாய்க்கும் அதே கதவைத் திறந்துவிடுகிறது. டேவிட் ஜூலியஸும் அவரோடு வேலை செய்தவர்களும் 1997இல் இதைக் கண்டு சொன்னார்கள். 2021இல் அவருக்கு நோபல் பரிசில் பாதி கிடைத்தது. ஆக, ‘வாய் எரியுது’ என்பது உவமை இல்லை. நரம்பைப் பொறுத்தவரை உண்மையிலேயே எரிகிறது. திரும்பத் திரும்பப் பட்டால் நரம்பு மரத்துப்போகும் என்பதும் இதோடு சேர்ந்த விஷயம். அதாவது, காரம் தாங்குகிற நாக்கு என்று பிறவியிலேயே பெரிதாக ஒன்றும் கிடையாது, நாக்கு பழக்கப்படுத்தப்படுகிறது. குழம்பில் கிடந்த கறித்துண்டைத் தண்ணீரில் அலசிப் பிள்ளைக்கு ஊட்டுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பிறகு அலசுவது குறைகிறது. ஒருநாள் ‘பெரிய பையனாயிட்டே, அப்படியே சாப்பிடு’ என்கிறார்கள். கண்ணில் தண்ணீர் வரச் சாப்பிட்ட பையனைப் பார்த்து வீடு சிரிக்கிறது, மெச்சுகிறது. ‘எனக்கு’ என்பதன் முதல் பாடம் அங்கே நடக்கிறது.

இதில் பாரம்பரியம் என்று பேசுவதற்கும் அதிகம் இல்லை. சங்கப் பாட்டில் கறி என்றால் மிளகு. யவனர் மரக்கலம் முசிறிக்குப் பொன்னோடு வந்து கறியோடு திரும்பியதை அகநானூறு 149ஆம் பாட்டு சொல்கிறது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்ததற்குப் பிறகு போர்த்துக்கீசியர் வழியாக இங்கே இறங்கியது. தெரியாத காய்க்குத் தெரிந்த மிளகின் பேரை ஒட்டி மிளகாய் ஆக்கிக்கொண்டோம். கொலம்பஸ் ஆட்களும் அதையேதான் செய்தார்கள், அவர்கள் மொழியில் மிளகின் பேரையே அதற்குக் கொடுத்தார்கள். பிராமணர் வீடுகளில் திவசச் சமையலில் இன்றும் மிளகாய் சேர்க்காமல் மிளகுதான் போடுகிறார்கள். பிதுர்க்களுக்கு இந்த ஐந்நூறு வருஷத்து விருந்தாளியை இன்னும் அறிமுகப்படுத்தவில்லை போலிருக்கிறது.

ஆனால் வந்த விருந்தாளியை வைத்து மனிதர்களுக்கு மார்க் போட நமக்கு வெகுநாள் ஆகவில்லை. கீதையின் பதினேழாம் அத்தியாயம் மிகுந்த கார்ப்பும் புளிப்பும் உப்பும் உள்ள உணவை ராஜச குணத்தாருக்குப் பிடித்தது, துன்பமும் நோயும் தருவது என்கிறது. அது சொல்லப்பட்ட காலத்தில் இங்கே மிளகாயே கிடையாது. இருந்தும் ‘காரம் தின்னா கோபம் வரும்’ என்ற பேச்சுக்கு அந்தச் சட்டகம் அப்படியே பொருந்திக்கொண்டது. ‘அவங்க வீட்டுல காரம் ஜாஸ்தி’ என்று ஒருவர் சொல்லும்போது பேச்சு குழம்பைப் பற்றியதா, சாதியைப் பற்றியதா என்பது சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். இங்கிலாந்தின் கறிக்கடைப் பட்டியல்களில் ‘மெட்ராஸ்’ என்பது ஒரு காரத்தின் அளவு. குருமாவுக்கு மேலே, விண்டாலுவுக்குக் கீழே. அந்தப் பேரில் ஒரு குழம்பைச் சென்னைக்காரர் யாரும் தன் வீட்டில் வைத்ததில்லை. ஒரு நகரமே எரிச்சலின் படிக்கட்டில் ஒரு படியாகிவிட்டது.

இதற்கு எதிர்வினையாக நம் தோழர்கள் தலைகீழாக்கம் ஒன்றைச் செய்வதுண்டு. சாத்வீகம் ஆதிக்கத்தின் சுவை, காரம் உழைக்கும் மக்களின் சுவை, ரோஷத்தின் சுவை. நானே பேசியிருக்கிறேன். பாதி சரி. கஞ்சிக்குக் கடித்துக்கொள்ள ஒரு பச்சை மிளகாய் என்பது, தொட்டுக்க வேறொன்றும் இல்லாத இடத்தில், நிறையக் கஞ்சியைக் கொஞ்சக் காசில் உள்ளே இறக்குகிற வழி. அதை விருப்பம் என்று கொண்டாடுவதற்கு முன்னால் வேறு என்ன இருந்தது என்று கேட்க வேண்டும். தவிர, மிளகாயில் உழைக்கிற மக்களைப் பற்றித்தான் பேச்சு என்றால் ராமநாதபுரம் பக்கம் போகலாம். அந்த ஊர்க் குண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழம் பறிப்பதும், களத்தில் காயப் போடுவதும், சோடை பிரிப்பதும் பெரும்பாலும் பெண்கள். முன்னே சொன்ன ஏற்பி தோலிலும் கண்ணிலும்கூட இருக்கிறது. காப்சைசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். கையைக் கழுவினாலும் எரிச்சல் லேசில் போகாது. கைப்பிள்ளைக்காரி வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்குமுன் யோசிக்க வேண்டும். அவளை யாரும் ‘கம்மியா, மீடியமா’ என்று கேட்பதில்லை.

தலைகீழாக்கத்தின் இன்னொரு பாதியில்தான் எனக்குச் சிக்கல். ஆதிக்கச் சுவை, அடித்தளச் சுவை என்று இரண்டு பக்கமும் நின்று பேசுகிறவர்கள் சாப்பிட உட்கார்ந்தவர்கள். அடுப்பங்கரையில் நிற்கிறவள் இரண்டு பேச்சிலும் இல்லை. ருசி என்பது வர்க்கம் நம்மேல் போட்ட முத்திரை என்று 1979இல் பூர்தியூ விரிவாக எழுதினார். பிரெஞ்சு உழைப்பாளர் வீட்டு மேஜையில் ஆணின் தட்டும் பெண்ணின் தட்டும் வேறு வேறாக இருப்பதையும் அதிலேயே கவனித்தார். நம் வீட்டில் தட்டு வரைக்கும்கூடப் போக வேண்டாம், சட்டியிலேயே இருக்கிறது. ஒரு வீட்டுக்கு ஒரு சட்டிக் குழம்பு. சாப்பிட ஐந்து நாக்கு. சட்டியின் காரம் ஒரு நாக்குக்கு ஏற்றபடி நிற்கிறது, மற்ற நாலும் அதைச் சுற்றித் தங்களைச் சரிசெய்துகொள்கின்றன. பிள்ளைக்கு அலசித் தருகிறார்கள். கிழவி தயிர் விட்டுக்கொள்கிறாள். புதிதாக வந்த மருமகள் ‘எங்க வீட்டுக் காரம்’ என்ற ஒன்றை விட்டுவிட்டு இந்த வீட்டுக் காரத்தைப் படிக்கிறாள்.

தமிழ் படித்தவர்களுக்குக் குறுந்தொகை 167ஆம் பாட்டு மனப்பாடம். தயிர் பிசைந்த விரலைச் சேலையிலேயே துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் ஏற, புளிக்குழம்பு வைக்கிறாள் புதுப் பெண். கணவன் சாப்பிட்டுவிட்டு நன்றாயிருக்கிறது என்கிறான். அவள் முகம் நுணுக்கமாக மலர்கிறது. எம்.ஏ. வகுப்பில் இதை இல்லறத்தின் அழகு என்று படித்தோம். அழகுதான், மறுக்கவில்லை. அவள் அதைச் சாப்பிட்டாளா, அவளுக்கு எப்படி இருந்தது என்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பெண் என்ன சாப்பிட்டாள் என்று தனியாகப் பேசுகிற சங்கப் பாட்டைத் தேடினால் எனக்கு உடனே ஞாபகம் வருவது புறநானூறு 246. அது கைம்மை நோன்புச் சாப்பாடு. நெய் படாத பிழிந்தெடுத்த சோறு, வேளைக்கீரை. அந்தச் சாப்பாட்டைவிட ஈமத்தீயே மேல் என்கிறாள் பெருங்கோப்பெண்டு.

என் வீட்டுக் கதையைச் சொல்லாமல் நழுவுவது சரியில்லை. அம்மா வைக்கிற மீன் குழம்பு மாதிரி காரசாரமாக யாருக்கும் வராது என்பது நண்பர்கள் மத்தியில் நான் பல வருஷமாகச் சொல்லிவருகிற பெருமை. மனைவியிடமும் அந்தப் பெருமையைச் சொல்லியிருக்கிறேன், அவள் வைத்த குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டே. அப்பா இறந்து ஏழெட்டு மாசம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மத்தியானம் ஊருக்குப் போனேன். அடுப்பில் மீன் குழம்பு இருந்தது. வெளுத்து, மஞ்சளாக, தேங்காய்ப்பால் தூக்கலாக. மிளகாய்த்தூள் தீர்ந்துபோச்சா என்று கேட்டேன்.

‘இருக்கே. எனக்கு இவ்வளவு போதும்ப்பா’ என்றாள் அம்மா.

‘முன்னெல்லாம் நல்லா காரமா வைப்பியே?’

‘அது உங்கப்பாவுக்கு. ரெண்டு கரண்டி போடணும். இல்லாட்டி தட்டு எங்க போய் விழும்னு தெரியாது.’

‘நீ எப்படிச் சாப்பிட்டே?’

‘கடைசியாத்தானே உக்காருவேன். மோர் ஊத்திக்குவேன், அவ்வளவுதான்.’

முப்பத்தெட்டு வருஷம். அம்மாவின் கைப்பக்குவம் என்று நான் ஊரெல்லாம் சொன்னது அப்பாவின் நாக்கு. அந்த நாக்குத்தான் எனக்குள் உட்கார்ந்து ‘எனக்கு’ என்று பேசிக்கொண்டிருந்திருக்கிறது, என் மனைவியின் சட்டி வரைக்கும் போயிருக்கிறது. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா எழுந்து தூள் டப்பாவை எடுக்கப் போனாள், ‘இரு, உனக்குத் தனியா கொஞ்சம் கொதிக்க வச்சுத் தரேன்’ என்று. வேண்டாம், உட்காரு என்று சொல்லி அந்த வெளுத்த குழம்பையே ஊற்றிச் சாப்பிட்டேன். சப்பென்று இருந்தது. பாதிச் சோற்றில், ஊறுகாய் இருக்கிறதா என்று கேட்டேன்.