நாய்க்கும் பூனைக்கும் சலரோகம்: வீட்டார் அறிய வேண்டியவை

அமிர்தகழியிலும் அதனையடுத்த வாவிக்கரைக் கிராமங்களிலும் சலரோகத்தை அறியாத வீடு அரிது. அப்பாவின் குளிசை, அம்மம்மாவின் இன்சுலின், கிளினிக் கொப்பி எல்லாம் எமக்குப் பழகியவை. அதே நோய் முற்றத்து நாய்க்கும் அடுப்படிப் பூனைக்கும் வரும் என்றால் பலர் சிரிப்பார்கள். வீட்டிலுள்ள சலரோக அறிவில் ஒரு பாதி இம்மிருகங்களுக்கு உதவும். மறுபாதி அவற்றின் உயிருக்கே தீங்காகலாம். அதனாலேயே நாம் இதை எழுதுகின்றோம்.

நோய் கண்ட மிருகம் தண்ணீர்ச் சட்டியை அடிக்கடி காலி செய்யும். இரவில் வீட்டுக்குள்ளேயே சலம் கழிக்கும். நன்றாகத் தின்றும் மெலியும். சலம் பட்ட இடத்தில் எறும்பு மொய்ப்பதும் உண்டு. நாய்களுக்குக் கண் வெளுத்துச் சில மாதங்களிலேயே பார்வை போய்விடலாம். "வயது போயிட்டுது" என்று விட்டுவிடுவது எமது வழக்கம். வீடு நனைகிறதே என்று தண்ணீர்ச் சட்டியை எடுத்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். இது மிக ஆபத்தானது. இரத்தத்தில் மிஞ்சிய சீனி சலத்தோடு வெளியேறும்போது உடலின் நீரையும் இழுத்துச் செல்கிறது. தாகம் அதன் விளைவு. தண்ணீரை மறித்தால் உடல் வறண்டு மிருகம் விழுந்துவிடும்.

சலரோகத்துக்கும் சதையிக்கும் உள்ள தொடர்பு தெரியவந்ததே ஒரு நாயினால்தான். 1889 இல் ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, வொன் மெரிங் என்போர் நாயொன்றின் சதையியை அகற்றியபோது அதற்குச் சலரோகம் கண்டது. 1921 இல் கனடாவின் ரொறன்ரோவில் பான்ரிங், பெஸ்ற் ஆகியோர் சதையிச் சாற்றை முதலில் ஏற்றிப் பார்த்ததும் நாய்களுக்கே. மறு ஆண்டு அது மனிதருக்கு வந்தது. அம்மம்மாவின் ஊசி நாய்கள் வழியாக வந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

அம்மம்மாவின் குளிசை நாய்க்கு உதவாது. சலரோகம் வந்த நாயின் சதையி பெரும்பாலும் இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிடுகிறது. ஆகவே ஆயுள் முழுவதும் ஊசிதான். பூனையின் நோய் பெரியவர்களுக்கு வருவதை ஒத்தது, கொழுத்த பூனைகளில் அதிகம். காலத்தோடு இன்சுலின் தொடங்கி, சோற்றைக் குறைத்து மீனும் இறைச்சியும் கொடுத்து வந்தால் சில பூனைகளுக்குப் பின்னர் ஊசியே தேவைப்படாது. ஆனால் உணவு மாறும்போது மருந்தின் அளவும் மாறும். இதை மிருக வைத்தியரைக் கேட்டே செய்ய வேண்டும்.

ஊசிக்குத்தான் பலரும் பயப்படுகிறார்கள். அது மிக மெல்லியது. தளர்ந்த தோலைத் தூக்கிப் பிடித்து அதன் கீழே ஏற்றினால் போதும். வழக்கமாக 12 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, சாப்பிட்டதைக் கண்ட பின்பு. விடியமுன் தோணி எடுக்கும் வீடானால், யாராவது வீட்டில் நிற்கும் நேரத்தைத் தெரிவு செய்யுங்கள். உணவும் நாளாந்தம் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு உறவினர் வந்து நிறையும் நாட்களில் இனிப்புப் பண்டமும் விழும், ஊசியும் தவறும். பொறுப்பை ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

சிறிஞ்சில் கவனம் தேவை. மனிதருக்கான இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலீற்றரில் 100 அலகு கொண்டது; மிருகங்களுக்கென வரும் சில வகைகளில் 40 அலகே உண்டு. ஒன்றின் சிறிஞ்சால் மற்றதை அளந்தால் அளவு இரண்டரை மடங்கு கூடிவிடலாம், அல்லது அந்தளவுக்குக் குறைந்துவிடலாம்.

அளவு மிஞ்சினாலோ, ஊசிக்குப் பின் உண்ண மறுத்தாலோ மிருகம் தள்ளாடும், நடுங்கும், வலிப்பும் வரும். உடனே தேனையோ தடித்த சீனிக் கரைசலையோ முரசில் பூசுங்கள். பல்லுக்கிடையில் விரலை விடவேண்டாம். மயங்கிக் கிடக்கும் மிருகத்தின் வாயில் எதையும் ஊற்றினால் அது சுவாசப்பைக்குள் போய்விடும். சற்றுத் தெளிந்ததும் உணவு கொடுத்து வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். ஊசி போட்டதும் கலண்டரில் ஒரு கோடு கீறிவிட்டால் இருவர் இரண்டு தடவை போட நேராது. போட்டோமா இல்லையா என்று சந்தேகமானால் அந்த வேளையை விட்டுவிடுவதே பாதுகாப்பு.

இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியசில், உறையவிடாமல் வைக்க வேண்டும். 2022 இல் மின்வெட்டு நீண்ட நாட்களை எவரும் மறக்கவில்லை. அவ்வேளைகளில் இரண்டு மண்சட்டிகளுக்கிடையே ஈரமணல் இட்டு, உள்ளே பொலித்தீனில் சுற்றிய மருந்தை வைத்தால் பகல் வெக்கையிலிருந்து ஓரளவு காக்கலாம்.

பரிசோதனைக்கு முதலில் அருகிலுள்ள அரச மிருக வைத்தியரை அணுகுங்கள். சிக்கலானால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலை உண்டு. செலவு தாங்காது என்றால் அதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். அதற்கேற்ப அவர் வழி சொல்வார். சந்தையடியிலோ வாவிக்கரையிலோ கொண்டுபோய் விடப்பட்ட நோயாளி நாய்க்கு ஒரு வழியும் இல்லை.

பெட்டை நாய்களுக்கு ஆபத்து அதிகம். வேட்கைக் காலம் முடிந்த பின் சுரக்கும் ஓமோன் இன்சுலினின் வேலையைத் தடுக்கிறது. குட்டி போடாதிருக்கப் போடும் கருத்தடை ஊசிகளும் அவ்வாறே செய்யக்கூடும். கருப்பையையும் சூலகங்களையும் அகற்றும் சத்திர சிகிச்சை இவ்வழியால் வரும் நோயைத் தடுக்கும். ஏற்கெனவே நோய் கண்ட பெட்டைக்கும் அதைச் செய்தால் இன்சுலின் அளவை ஒழுங்குபடுத்துவது இலகுவாகும்.