பைக் இன்ஜினில் ஆயில் கசிவா? காரணம் அறிந்து சரிசெய்வது எப்படி?

காலையில் வண்டியை எடுக்கும்போது, நின்ற இடத்தில் கறுப்பாக ஒரு சொட்டு. "பழைய வண்டிதானே, சொட்டத்தான் செய்யும்" என்று பலரும் விட்டுவிடுகிறோம். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பகுதிகளில் சொசைட்டிக்குப் பால் கேன் போவதும், உர மூட்டை வருவதும், வீட்டில் ஒருவர் ஷூ கம்பெனி ஷிப்டுக்குப் போவதும் பெரும்பாலும் ஒரே பைக்கில்தான். அது நின்றுபோனால் அன்றைய பாலும் சம்பளமும் சேர்ந்தே போகும்.

சிறு கசிவு ஏன் பெரிய செலவாகிறது?

100 சி.சி. பைக்குகளில் சுமார் 1 லிட்டர் இன்ஜின் ஆயில்தான் இருக்கும். நாளொன்றுக்கு 5 மி.லி. கசிந்தால் மாதத்துக்கு 150 மி.லி. குறையும். இரண்டு மாதம் கவனிக்காவிட்டால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு காலி. பிறகு பிஸ்டனுக்கும் கேம் ஷாஃப்டுக்கும் போதிய ஆயில் ஏறாது. மூட்டையோடு மேட்டில் ஏறும்போது இன்ஜின் ஜாம் ஆகும். சில ரூபாய் வாஷரில் முடிய வேண்டிய வேலை, இன்ஜினைப் பிரிக்கும் வேலையாகிவிடும். பின் டயரில் ஆயில் பட்டால் வழுக்கி விழும் ஆபத்தும் உண்டு.

முதலில் ஆயில் அளவைப் பாருங்கள்

• வண்டியைச் சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, 3 நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, மேலும் 3 நிமிடம் காத்திருங்கள்.
• அளவுக் குச்சியைத் துடைத்து மீண்டும் விட்டுப் பாருங்கள். பல வண்டிகளில் குச்சியைத் திருகாமல் வைத்துத்தான் பார்க்க வேண்டும். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ளபடி செய்யுங்கள்.
• ஆயில் இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். மேல்கோட்டைத் தாண்டியிருந்தால், அதிகப்படி ஆயில் பிரீதர் குழாய் வழியாக வெளியேறும். அது கசிவு அல்ல. கூடுதலாக ஊற்றியதன் விளைவு.

கசியும் இடத்தைக் கண்டுபிடிக்கும் முறை

சொட்டு விழும் இடமும் கசியும் இடமும் ஒன்றல்ல. மேலே கசியும் ஆயில் இன்ஜின் மீது வழிந்து, ஓடும்போது காற்றில் பின்னால் பரவி, கடைசியில் கீழே ஓரிடத்தில் சொட்டும். எனவே:

1. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, மண்ணெண்ணெய் அல்லது டீசல் தொட்ட பிரஷ்ஷால் சேறும் பிசுக்கும் போகத் தேய்த்துத் துணியால் துடையுங்கள். அருகில் பீடி, நெருப்பு கூடாது.
2. முழுதும் காய்ந்ததும், சந்தேகமான இடங்களில் முகப்பவுடரைத் தூவுங்கள்.
3. நான்கைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, வண்டிக்கு அடியில் அட்டை விரித்து நிறுத்துங்கள்.
4. பவுடர் நனைந்த இடங்களில் மிக மேலே, மிக முன்னே இருப்பதுதான் கசிவின் தொடக்கம்.

முன் ஷாக் அப்சர்பர் கம்பியில் எண்ணெய் இருந்தால் அது ஃபோர்க் ஆயில் சீல் பழுது. செயினிலிருந்து தெறித்த ஆயிலையும் இன்ஜின் கசிவு என்று எண்ணிவிடாதீர்கள். பழைய 2 ஸ்ட்ரோக் மொபெட்டில் சைலன்சர் இணைப்பில் வழியும் கறுப்பு எண்ணெய், பெட்ரோலில் கலந்த ஆயில் எரியாமல் வருவது.

எங்கே கசிந்தால் என்ன செய்வது?

ட்ரெயின் போல்ட்: ஆயில் மாற்றிய பிறகு தொடங்கும் கசிவு பெரும்பாலும் இங்கேதான். பழைய வாஷரையே மீண்டும் போட்டதுதான் காரணம். ஒவ்வொரு முறையும் புதிய வாஷர் போடுங்கள். கசிகிறதே என்று குழாய் மாட்டி ஸ்பானரை இறுக்க வேண்டாம். இன்ஜின் அடிப்பாகம் அலுமினியம், மரை போய்விடும். ஏற்கெனவே போயிருந்தால் லேத் பட்டறையில் புது மரை போடலாம்.

டேப்பட் மூடி: உள்ளே இருக்கும் ரப்பர் ஓ-ரிங் சூட்டில் விறைத்துவிடும். விலை குறைவு. இன்ஜின் ஆறியபின் மூடியைக் கழற்றி, மண் விழாமல் துடைத்து, புதிய ரிங்கில் கொஞ்சம் ஆயில் தடவிப் போடுங்கள்.

கிளட்ச் கவர், மேக்னட் கவர்: முதலில் போல்ட்டுகள் தளர்ந்துள்ளனவா என்று பாருங்கள். எதிரெதிர் போல்ட்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக, அளவாக இறுக்குங்கள். அப்படியும் கசிந்தால் பேக்கிங் மாற்ற வேண்டும். பழைய பேக்கிங்கை உளியால் சுரண்டினால் பரப்பில் கீறல் விழுந்து மீண்டும் கசியும். பசையை அள்ளிப் பூசினால் அது உள்ளே உதிர்ந்து ஆயில் ஜாலியை அடைக்கும்.

கிக்கர், கியர் லீவர், முன் ஸ்ப்ராக்கெட் சீல்: வயல் சேறு காய்ந்து சீலின் உதட்டை அரிக்கிறது. சீல் மாற்றுவது மெக்கானிக் வேலை. நீங்கள் செய்ய வேண்டியது, மோட்டார் தண்ணீரை அந்த இடங்களில் வேகமாகப் பீய்ச்சாமல் ஈரத் துணியால் சேற்றைத் துடைப்பது.

ஹெட் பேக்கிங்: சிலிண்டரும் ஹெட்டும் சேரும் இடத்தில் ஈரமாக இருந்து, நீலப் புகையோ இழுவைக் குறைவோ சேர்ந்தால் தாமதிக்காமல் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

தோல் துண்டு போடலாமா?

நம் பகுதியில் தோல் துண்டுக்குப் பஞ்சமில்லை. அடிபம்பில் தோல் வாஷர் நன்றாக உழைக்கிறதே, இன்ஜினுக்கும் வெட்டிப் போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அடிபம்பில் தோல் குளிர்ந்த நீரில் ஊறி உப்பி, இடைவெளியை அடைக்கிறது. இன்ஜினின் சூட்டில் அதே தோல் சுருங்கி விறைத்துவிடும். முற்காலத்தில் இயந்திரங்களில் தோல் சீல்கள் இருந்தது உண்மை. சூடு தாங்கும் செயற்கை ரப்பர் வந்ததும் அவை விலகின. அந்தந்த வண்டிக்குரிய சீலையே வாங்குங்கள்.

ஆயில் ஊற்றும்போது கவனம்

டிராக்டருக்கு, டீசல் பம்புசெட்டுக்கு வாங்கிய ஆயிலைப் பைக்கில் ஊற்றாதீர்கள். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் தட்டுகள் இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே இயங்குகின்றன. பொருந்தாத ஆயிலில் கிளட்ச் வழுக்கும். டப்பாவில் "ஜாஸோ எம்.ஏ." அல்லது "எம்.ஏ. 2" என்ற குறியும், கையேட்டில் சொன்ன தடிமனும் உள்ளதா என்று பாருங்கள்.

கழிவு ஆயிலை மண்ணில் ஊற்றாதீர்கள்

தோல் பதனிடும் கழிவுநீரால் பாலாற்றுப் படுகையின் கிணறுகளும் நிலங்களும் கெட்டது நாம் கண்ட கதை. வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கு ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று தீர்ப்பளித்தது. தோல் தொழிற்சாலைக்குச் சொன்ன நியாயம் நம் கொல்லைக்கும் பொருந்தும். கழிவு ஆயிலில் உலோகத் துகள்களும் எரிந்த நச்சுப் பொருள்களும் உண்டு. 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அது அபாயகரக் கழிவு. கிணற்று மேட்டிலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். மாட்டின் புண்ணில் தடவவும் வேண்டாம். பழைய கேனில் சேர்த்து, கழிவு ஆயில் வாங்கும் பட்டறையில் கொடுங்கள். தரையில் சிந்தியதை மரத்தூள் போட்டு உறிஞ்சவிட்டு அள்ளுங்கள். மாட்டுக்கொட்டகையிலும் தீவன மூட்டை அருகிலும் சொட்டும் வண்டியை நிறுத்தாதீர்கள்.

நினைவில் கொள்ளுங்கள்

வாரம் ஒருநாள் ஆயில் குச்சியைப் பாருங்கள். மாதம் ஒருநாள் வண்டிக்கு அடியில் அட்டை விரித்துப் பாருங்கள். அட்டையில் கறை இருந்தால், அடுத்த மூட்டையை ஏற்றுவதற்கு முன் கசிவைச் சரிசெய்துவிடுங்கள்.