ஹெரால்டின் சூளுறவு: 1066ஆம் ஆண்டு ஆங்கிலேய அரசுரிமைப் பூசலில் தூதின் நோக்கமும் சான்றுகளின் முரணும்

முன்னுரை

இங்கிலாந்தின் முதன்மைப் பிரபுவான ஹெரால்ட், 1064ஆம் ஆண்டளவில் கடல் கடந்து சென்று நார்மண்டிக் கோமகன் வில்லியமின் முன்னிலையில் சூளுரைத்தார் என்பது நார்மன் தரப்பின் கூற்று. மகப்பேறற்ற மன்னர் எட்வர்ட் 1066 சனவரி 5 அன்று மறைந்தார். மறுநாளே ஹெரால்ட் முடிசூடினார். அவரைச் சூள் பிறழ்ந்தவர் எனக் குற்றஞ்சாட்டிப் படையெடுத்த வில்லியம், அக்டோபர் 14 அன்று ஹேஸ்டிங்ஸ் போரில் வென்றார். அச்சூளைப் பற்றிய சான்றுகள் எவ்விடங்களில் முரண்படுகின்றன, அம்முரண்கள் எதனை உணர்த்துகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தூதின் நோக்கம்

நார்மன் வரலாற்றாசிரியர்களான ஜுமியேஜ் வில்லியமும் புவாத்தியே வில்லியமும், அரசுரிமை பற்றிய தம் வாக்கை உறுதிப்படுத்தவே எட்வர்ட் ஹெரால்டை அனுப்பினார் என்கின்றனர். கேன்டர்பரித் துறவி ஈட்மர் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரும் செய்தி வேறு. நார்மண்டியில் பிணையாக இருந்த தம்பி வுல்ப்நாத்தையும் அண்ணன் மகன் ஹாக்கனையும் மீட்கவே ஹெரால்ட் சென்றார்; மன்னர் அவரை முன்னரே எச்சரித்தார் என்பது அவர் கூற்று. மீன்பிடிக்கச் சென்றவரைக் காற்று திசைமாற்றியது என எழுதுகிறார் மால்ம்ஸ்பரி வில்லியம்.

இவ்வேறுபாடு சூளின் தகுதியையே மாற்றிவிடுகிறது. மன்னரின் தூதராகச் சென்றிருப்பின் சூள் மன்னரின் விருப்பத்திற்குச் சான்றாகும். பிணையரை மீட்கச் சென்றவரிடம் பெறப்பட்டதாயின் அது நெருக்கடியில் விளைந்த சூளாகும். காற்றால் ஒதுங்கியவராயின் தூது என்பதே இல்லை. பொந்தியுவின் ஆட்சியாளர் கீ என்பவரால் சிறைப்பட்ட ஹெரால்டை வில்லியமே மீட்டார் என்ற செய்தியையும் இங்குக் கருதவேண்டும். நன்றிக்கடனும் அச்சமும் ஒருங்கே சூழ்ந்த நிலையில் அவர் இருந்தார்.

இடமும் காலமும்

சூள் பான்வில்லில் நிகழ்ந்தது என்கிறார் புவாத்தியே வில்லியம். ரூவான் என்கிறார் ஒர்டெரிக் விட்டாலிஸ். பேயோ நகரைச் சுட்டுகிறது பேயோ பூந்தையல் சீலை. பிரிட்டனிப் படையெடுப்புக்கு முன்னர் அது நிகழ்ந்ததாகப் புவாத்தியே வில்லியம் கூற, சீலை அதனைப் பின்னர் வைக்கிறது. சீலையில் ஹெரால்ட் இரு திருப்பண்டப் பேழைகளின்மீது கைவைத்து நிற்கிறார். அவர் சூளுரைத்தார் என்று மட்டும் கூறும் அதன் வாசகம், சூளின் பொருளைக் குறிப்பிடுவதில்லை. நாடு திரும்பிய ஹெரால்ட் மன்னர் முன் தலைதாழ்ந்து நிற்கும் காட்சியோ ஈட்மரின் கூற்றோடு இயைந்து நிற்கிறது. ஆங்கிலோ-சாக்சன் குறிப்பேட்டில் இப்பயணம் பற்றிய செய்தியே இல்லை.

சூள் ஏன் தேவைப்பட்டது?

எட்வர்ட் இறக்கும் தறுவாயில் அரசை ஹெரால்டிடம் ஒப்படைத்தார் என்பதைப் புவாத்தியே வில்லியமின் நூலே மறைக்கவில்லை. இறுதி வேளையில் அளிக்கும் கொடையே செல்லும் என்பது ஆங்கிலேய மரபு என ஹெரால்டின் தூதர் வாதிடுவதாக அந்நூல் காட்டுகிறது. அவ்வாறாயின் வில்லியமுக்கு முன்னர் அளித்ததாகக் கூறப்படும் வாக்கு மட்டும் அவருடைய உரிமையை நிலைநாட்டப் போதாது. கொடையைப் பெறும் தகுதியே ஹெரால்டுக்கு இல்லை என்று காட்டியாக வேண்டும். அப்பணியைச் செய்வது சூள். வில்லியமுக்கு அரசு கிடைக்க உழைப்பது, டோவர் கோட்டையை ஒப்படைப்பது முதலிய உறுப்புகளை அந்நூல் விரித்துரைப்பதன் காரணமும் இதுவே. திருப்பண்டங்களைத் துணியால் மறைத்து வைத்து ஹெரால்டை ஏமாற்றினர் என்னும் கதை, பிற்காலத்தவரான வேஸ் என்பவரின் பிரெஞ்சுச் செய்யுள் நூலில் இடம்பெறுகிறது. வென்றவர் தரப்பு மரபிலும் சூளின் நேர்மை குறித்து ஐயம் எழுந்ததை இது காட்டுகிறது.

முடிவுரை

ஏதோ ஒரு சூள் உரைக்கப்பட்டது என்பதை நார்மன் நூல்களும் ஈட்மரும் ஒருங்கே ஏற்கின்றனர். அவர்கள் முரண்படுவது அச்சூள் அரசுரிமையைப் பிணிக்குமா என்பதில்தான். ஆகவே ‘எது உண்மை’ என ஒரு சான்றைத் தெரிந்து ஏனையவற்றைத் தள்ளுவது பொருந்தாது. ஒவ்வோர் ஆசிரியரும் தூதுக்குக் கற்பிக்கும் நோக்கம், சூளைக் குறித்து அவர் எட்டவிரும்பிய முடிவுக்கு அரணாக அமைவதைக் கண்டு, அதற்கேற்ப அச்சான்றை மதிப்பிடுவதே ஏற்புடைய ஆய்வு நெறியாகும்.