தொடக்க ஆண்டுகளின் கணக்கு

"உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லையே, மாத்திரை எதற்கு?" நீரிழிவு புதிதாகக் கண்டறியப்பட்டவர்களிடம் நாங்கள் அடிக்கடி கேட்கும் வினா இது. கேட்பவர் பெரும்பாலும் ஓசூர் சிப்காட்டிலோ, எல்லை தாண்டி அத்திப்பள்ளி, பொம்மசந்திரா ஆலைகளிலோ ஷிப்டு பார்ப்பவராக இருப்பார். தாகமில்லை, களைப்பில்லை, ஆகவே அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணுகிறார். அந்த ஓராண்டைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

பிரிட்டனில் 1977இல் ஓர் ஆய்வு தொடங்கியது. புதிதாக நீரிழிவு கண்டறியப்பட்ட 5,102 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு மருந்துகளால் சர்க்கரை இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டது. மற்றவர்களுக்கு முதன்மையாக உணவுக் கட்டுப்பாடே சிகிச்சை. 1998இல் முடிவு வெளிவந்தபோது, முதற்பிரிவினரிடம் கண், சிறுநீரகம் சார்ந்த நுண்குழாய்ப் பாதிப்புகள் 25 விழுக்காடு குறைந்திருந்தன. மாரடைப்பும் குறைந்ததாகத் தோன்றியது; எனினும் அது தற்செயலோ என்னும் ஐயம் நீங்கவில்லை.

வியப்பு பின்னரே வந்தது. ஆய்வு முடிந்த ஓராண்டுக்குள் இரு பிரிவினரின் சர்க்கரை அளவும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டது. ஆயினும் பத்தாண்டுகள் கழித்து, 2008இல் கணக்கெடுத்தபோது, தொடக்கத்தில் கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்கு மாரடைப்பு 15 விழுக்காடு குறைவாக இருந்தது. உடற்பருமன் மிகுந்து மெட்ஃபார்மின் உட்கொண்டவர்களிடம் இக்குறைவு 33 விழுக்காடு. மிகுந்த சர்க்கரை இரத்தக்குழாய்ச் சுவரின் புரதங்களில் ஒட்டிக்கொள்கிறது. அளவு பின்னர் குறைந்தாலும் அந்த ஒட்டு எளிதில் அகல்வதில்லை என்பது இதற்குக் கூறப்படும் விளக்கங்களுள் ஒன்று.

அப்படியானால் எவருக்கும் எந்த வயதிலும் சர்க்கரையை வேகமாகக் குறைத்துவிடலாமா? கூடாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த 'அக்கார்ட்' ஆய்வில், சராசரியாகப் பத்தாண்டு நீரிழிவும் இதய நோய் அபாயமும் உடைய 10,251 பேர் பங்கேற்றனர். மூன்று மாதச் சராசரியான ஹெச்பிஏ1சி-யை 6க்குக் கீழே கொண்டுவர முயன்ற பிரிவில் 257 பேர் இறந்தனர். வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 203 பேர். 2008இல் அத்தீவிர சிகிச்சை இடையிலேயே நிறுத்தப்பட்டது. பலருக்கும் 7க்குக் கீழ் என்பது பொதுவான இலக்கு. முதியோருக்கும் இதய நோயாளிகளுக்கும் மருத்துவர் சற்றுத் தளர்த்துவார். வீட்டிலுள்ள பெரியவருக்கும் இளையவருக்கும் ஒரே எண்ணை வைத்து ஒப்பிட்டுக் கடிந்துகொள்ள வேண்டாம்.

இரத்த அழுத்தமும் கொழுப்பும் புகைப்பழக்கமும் இதயத்தைத் தனித்தனியே தாக்குவன. சர்க்கரை ஒன்றை மட்டும் பார்த்தால் போதாது. நம் பகுதியினர் களியை மருந்தாகவே கருதுவதையும் காண்கிறோம். கேழ்வரகில் நார்ச்சத்து மிகுதிதான். மாவுச்சத்தோ அரிசிக்கு அதிகம் குறைந்ததன்று. உருண்டையின் அளவைக் குறைத்து, கீரையையும் பருப்பையும் கூட்டுக.

மாத்திரை வாங்க நேரமில்லை என்பார்க்கு ஒன்று சொல்வோம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டதே நமது கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

இரவு ஷிப்டு பார்ப்போர் உணவைத் தவறவிட்டு மாத்திரையை மட்டும் விழுங்கினால், சில மருந்துகளில் சர்க்கரை அபாயகரமாகத் தாழும். அடுத்த முறை வரும்போது உங்கள் ஷிப்டு அட்டவணையையும் கையோடு கொண்டு வாருங்கள். மருந்தின் வேளையை அதற்கேற்ப மாற்றித் தருவோம்.